காது மட்டும் போதும்

வீட்டில் யாராவது வக்கீல் உண்டா என்று கேட்ட ஆபீஸ்களில் எல்லாம் கலைச்செல்வி இல்லை என்றுதான் சொன்னாள். உண்டு என்று சொல்ல நாக்கு துடிக்கத்தான் செய்தது. சொன்னால் அடுத்ததாகப் பெயரைக் கேட்பார்களே.

திருவனந்தபுரத்தில் சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்குக் கடைசி வருஷம் ஒரு காய்ச்சல் வரும். நல்ல ஆபீஸ் ஒன்றில் இன்டர்ன்ஷிப் கிடைக்க வேண்டும், அங்கே பெயர் வாங்க வேண்டும், வக்கீலாகப் பதிவு செய்து சன்னது எடுத்ததும் அதே ஆபீஸில் ட்ரெய்னியாக உட்கார வேண்டும். முதல் படி வழுக்கினால் மேலே எதுவும் கைக்கு எட்டாது. வக்கீல் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் காய்ச்சல் வருவதில்லை. அவர்களுக்குப் பிறந்த அன்றே தடுப்பூசி போட்டாகிவிட்டது. சித்தப்பாவுக்கு ஒரு போன், மாமாவோடு படித்தவருக்கு ஒரு போன், விண்ணப்பம் அத்தோடு முடிந்தது.

கலைச்செல்விக்குப் போன் போட ஆள் இல்லை. போனக்காட்டுக்கும் மேலே மலை மடிப்பில் கிடக்கிற மணிக்கல் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவள் அவள் அம்மா மாடம்மாள். அப்பா, அவள் பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே போய்ச் சேர்ந்தார். பின்னாலேயே எஸ்டேட்டும் போயிற்று. கம்பெனி ஃபேக்டரியைப் பூட்டிக்கொண்டு மலையிறங்கியது. வேலை செய்தவர்கள் மட்டும் லயத்திலேயே தங்கிவிட்டார்கள். ஒரே நீளக் கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை அறை வீடுகளுக்கு அங்கே லயம் என்று பெயர். இப்போது அந்த அறைகளையும் காலி செய்யச் சொல்லிக் கம்பெனி வழக்குப் போட்டிருந்தது. நோட்டீஸில் கொச்சி வக்கீல் ஒருவரின் பெயர் இருந்தது. லயத்தை விட்டால் மாடம்மாளுக்கு இந்த உலகத்தில் வேறு கூரை கிடையாது.

கலைச்செல்வி தங்கிப் படித்தது கரமனையில், அப்பாவின் தங்கை வீட்டில். அங்கே உட்கார்ந்துதான் ஊரில் உள்ள வக்கீல் ஆபீஸ்களுக்கெல்லாம் மெயில் அனுப்பினாள், சிலவற்றுக்கு நேரிலும் போய்ப் பார்த்தாள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்கிறார்கள். அம்மி நகரும், கோர்ட்டு இருக்கிற வஞ்சியூர் நகராது. ஒரு பதிலும் வரவில்லை. கூடப் படிக்கிற ரேஷ்மி அவளுடைய பயோடேட்டாவை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீ எஸ்டேட் அட்ரஸ் வச்சா, மழை பெய்ஞ்சா பஸ் இல்லேன்னு லீவ் எடுக்கிற ஆளுன்னு நினைக்கும். அத்தை வீட்டு அட்ரஸ் வை. தமிழ் வாசிக்க, எழுதத் தெரியும்னு பெருசா போடு. பழைய பத்திரமெல்லாம் தமிழ்லதானே இருக்கு, இவங்களுக்கு வாசிக்க ஆள் வேணுமே."

அப்படியே செய்தாள். அத்தை வீடும் வீடுதானே, இதில் பொய் எங்கே இருக்கிறது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்க வேண்டியிருந்ததே, அதுதான் கோளாறு. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம். அந்த வாரமே வஞ்சியூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஓர் ஆபீஸிலிருந்து, ஒரு வாரம் வந்து உட்கார்ந்து காட்டு, பிடித்திருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தபோது, சந்தோஷத்துக்கு முன்னால் அவளுக்கு வந்தது பயந்தான்.

ஆபீஸை நடத்துபவர் ஸ்ரீஜித். உள்ளே நிர்வாகம் முழுவதும் ஷைலஜா என்ற நடுவயதுக்காரியின் கையில். சேருகிற அன்றைக்கு ஷைலஜா அவளை எதிரில் உட்கார வைத்து, எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"நம்ம கட்சிக்காரங்களுக்கு எதிரா கேஸ் நடத்துறவங்க யாராவது உனக்கு சொந்தம் உண்டோ?"

"கட்சிக்காரங்க யாருன்னு எனக்குத் தெரியாதே சேச்சி."

"அது வெளியில் சொல்லக்கூடாது மோளே. நீ இல்லேன்னு சொன்னா மதி, அது போதும்."

இல்லை என்று சொன்னாள். யாரென்றே சொல்லாமல் அவர்களுக்கு எதிரி உண்டா என்று கேட்பதும், அதற்கு இவள் தைரியமாக இல்லை என்பதும் வக்கீல் ஆபீஸில்தான் நடக்கும்.

அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஃபைலைத் தப்பான அலமாரியில் வைத்துவிடுவோமோ, யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவோமோ, வாய் தவறி லயம் என்று சொல்லிவிடுவோமோ என்று ஒவ்வொன்றுக்கும் பயந்தாள். உன் வீட்டுப் பக்கத்தில் எந்தப் பள்ளிக்கூடம் என்று ஷைலஜா சும்மா கேட்டதற்குக்கூட வியர்த்தது. ஆனால் வேலையில் பிழை விடவில்லை. நாஞ்சில் நாட்டுப் பழைய பத்திரங்களைத் தட்டுத்தடுமாறாமல் வாசித்து, பொருளை மலையாளத்தில் எழுதிக் கொடுத்தாள். ஸ்ரீஜித் படித்துப் பார்த்துவிட்டு, "மிடுக்கி" என்று மெச்சினார். வெள்ளிக்கிழமை ஒழுங்காகப் போனால் இடம் உனக்குத்தான் என்று ஷைலஜா காதில் போட்டு வைத்தாள்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது அவள், "கறுப்புக் கோட்டு எப்பம் மக்கா போடுவ?" என்று கேட்டாள். ஆபீஸ் பெயரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நினைவில் வைத்திருக்க மாட்டாள். தான் வெள்ளிக்கிழமை டவுனுக்கு வருவதையும் சொல்லவில்லை. காரியம் முடிந்ததும் கரமனைக்குப் போய் மகளுக்கு எதிரில் திடீரென்று நிற்கலாம் என்று வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்ரீஜித் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நீள மேசை, சுற்றிலும் நாற்காலிகள், ஒரே ஒரு ஜன்னல்.

"இன்னிக்கு உனக்கு ஒரு ஸ்பெஷல் வேலை இருக்கு கேட்டோ. கொச்சியிலேர்ந்து போன மாசம் நம்ம கைக்கு வந்த கேஸ். எதிர்க்கட்சி கொஞ்சம் பேர் பேச வருது. எல்லாம் தமிழ் ஆளுங்க. சினிமாத் தமிழ் எனக்குப் புரியும். இவங்க தங்களுக்குள்ள வாய்க்குள்ளயே பேசுறது இருக்கே, அது ஒண்ணும் பிடி கிட்டாது. நான் ஒரு கணக்குச் சொல்லுவேன், அவங்க ஆலோசிக்கும். அப்ப என்ன பேசுதுன்னு நீ கேட்டுக்கணும். உனக்குத் தமிழ் தெரியும்னு காட்டக்கூடாது. வாய் வேண்டா, காது மட்டும் போதும். என்னோட போன் மேசையில் ஓடிக்கிட்டிருக்கும். விட்டுப்போனதைப் பின்னாடி அதுல கேட்டு எழுதிக்கலாம்."

"அவங்க வக்கீல் வருவாரா சார்?"

"வக்கீல் வந்தா சட்டம் பேசுவான். ஆளுங்க வந்தா மனசுல உள்ளதைப் பேசும்" என்று சிரித்தார் ஸ்ரீஜித். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. சீட்டாட்டத்தில் எதிராளியின் கையை எட்டிப் பார்க்கிறவரையும் அவர் கூட ஆடுகிறவர்கள் சமர்த்தர் என்றுதான் சொல்கிறார்கள்.

"எந்த ஊர்க்காரங்க சார்?"

"போனக்காட்டுக்கு மேல. மணிக்கல்."

சரி சார் என்று தன் வாய் சொல்வதை அவளே கேட்டாள். தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே வந்து, கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அம்மாவுக்குப் போன் அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி அடித்தாள். மலைப் பாதையில் பஸ் எந்த வளைவில் இருக்கிறதோ, இல்லை, அம்மா வழக்கம்போல் போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டாளோ. யார் யார் வருகிறார்கள் என்றும் தெரியவில்லை. யார் வந்தால் என்ன, மணிக்கல்லில் அவளைத் தெரியாத ஒரு ஜீவன் உண்டா? உள்ளே காலை வைத்ததும், ஏட்டி கலை, நீ இங்க என்ன செய்யுதன்னு கேட்கப் போகிறார்கள். அட்ரஸ் பொய், சொந்தம் இல்லை என்று சொன்னது பொய், எல்லாம் ஒரே சமயத்தில் மேசை மேல் வந்து விழும். இந்த ஊரில் ஒரு வக்கீல் ஆபீஸில் நடந்தது அடுத்த ஆபீஸுக்குத் தெரிய ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். பிறகு எவன் அவளை வாசலில் ஏற்றுவான்?

ஸ்ரீஜித்திடம் உண்மையைச் சொல்லிவிடுவது ஒன்றுதான் வழி என்று தீர்மானித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அவர் யாரோடோ போனில் பேசிக்கொண்டே, உட்கார் என்று கையைக் காட்டினார். சார் என்றாள். பிறகு என்று மறுபடியும் கையைக் காட்டினார். அவர் போனை மேசையில் மல்லாக்க வைத்ததும் ஷைலஜா கதவைத் திறந்து ஆட்களை உள்ளே விட்டாள்.

முதலில் வந்தவர் பூதலிங்கம். கலைச்செல்வி பிறந்த நாளிலிருந்து அவருக்கு மருமகள் முறைதான். அவளுக்கு அவர் மாமா. அடுத்த அறைக்காரர், மணிக்கல்லுக்காகப் பேசப் போகிற இடத்துக்கெல்லாம் போகிறவர். பின்னால் இன்னும் இரண்டு ஆண்கள். எல்லாருக்கும் கடைசியில், கஞ்சி போட்டுத் தேய்த்த சேலையும் கையில் ஒரு துணிப்பையுமாக மாடம்மாள்.

அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாடம்மாளின் முகத்தில் சிரிப்பு எழுந்து வந்தது. வந்த சிரிப்பு வழியிலேயே நின்றது. மகள் உட்கார்ந்திருக்கிற பக்கத்தையும், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷரையும் அவள் ஒருமுறை பார்த்தாள். பூதலிங்கம், "ஏ" என்று வாயெடுத்தார். மாடம்மாள் அவர் கால் விரலை மிதித்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஆண்கள் நாற்காலி விளிம்பில் பட்டும் படாமலும் உட்கார்ந்தார்கள். மாடம்மாள் உட்காரவில்லை. கம்பெனிக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லாதவள், சுவரோரமாக நின்றுகொண்டாள். அப்போது பூதலிங்கம் தலையைத் திருப்பாமல், உதடு அசையாமல், அவளிடம் தமிழில் சொன்னார்.

"பயப்படாத மாடம்மா. நம்ம பிள்ள உள்ளயேல்லா இருக்கு."

கலைச்செல்வி பயந்தது ஒன்று, நடந்தது வேறொன்று. தங்கள் பிள்ளை உள்ளே உட்கார்ந்திருப்பதால் தங்களுக்கு இங்கே கெடுதல் வராது என்று அவர்கள் நம்பிவிட்டார்கள். மூன்று ஆண்களின் தோளும் இறங்கி, முகம் தெளிந்துவிட்டது. இனி மனம் விட்டுப் பேசுவார்கள். மணிக்கல்காரர்களைத் தவிர வேறு யாருக்கு இப்படி ஒரு புத்தி போகும்? எதிராளி பக்கத்தில் சொந்தக்காரி உட்கார்ந்திருந்தால் மற்றவர்கள் சந்தேகப்படுவார்கள். இவர்கள் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

ஸ்ரீஜித் இனிக்க இனிக்கப் பேசினார். கம்பெனிக்கு மனசாட்சி உண்டு என்றார். அடிவாரத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே குடும்பத்துக்கு மூன்று சென்ட். ஆனால் ரிஜிஸ்டரில் இன்னும் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும். விதவைகளுக்கும் பெயர் வெட்டப்பட்டவர்களுக்கும் இல்லை. அதாவது மாடம்மாளுக்கு இல்லை. எல்லாருக்கும் கொடுத்தால் வழக்கை இன்றைக்கே முடித்துக்கொள்கிறோம் என்று பூதலிங்கம் மலையாளத்தில் சொன்னார். முடியாது என்று ஸ்ரீஜித் வருத்தப்படுகிறவர்போல் தலையை ஆட்டினார்.

"நீங்க தம்மில் ஆலோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்லா."

நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார். மரியாதை தெரிந்தவர் செய்கிற காரியமாகவே அது இருந்தது. போன் மேசையில் கிடந்தது.

பூதலிங்கம் மற்ற இருவரிடமும் தலையைக் குனிந்தார். அவர் சொல்லப்போவது என்னவென்று கலைச்செல்விக்குத் தெரியும். போன மழையில் லயத்தின் பின்சுவர் உட்கார்ந்துவிட்டது. முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். இன்னொரு மழையைக் கூரை தாங்காது. கம்பெனி விட்டுக்கொடுக்காமல் நின்றால், கொடுத்ததை வாங்கிக்கொண்டு இடவப்பாதி மழை தொடங்குவதற்கு முன்னால் இறங்கிவிடுவது என்று அவர்கள் ஏற்கெனவே தங்களுக்குள் முடிவு செய்துவிட்டார்கள். அம்மா அதைப் போனில் சொல்லி அழுதிருந்தாள். அந்த ஒரு சொல் வெளியே வந்தால் போதும், ஸ்ரீஜித் மழை வரும்வரை சும்மா உட்கார்ந்திருந்து ஜெயித்துவிடுவார். பிறகு மாடம்மாள் எங்கே போவாள்?

அவர்கள் ஒன்றும் பேசவில்லை சார் என்று பின்னால் பொய் சொல்லிவிடலாமா? சொல்லலாம். ஆனால் போன் பொய் சொல்லாது. தமிழ் தெரிந்த யாரிடம் கொடுத்தாலும் கேட்டு எழுதிக் கொடுத்துவிடுவார்கள். சொல் வெளியே வருவதற்கு முன்னால்தான் எதையும் செய்ய முடியும். அப்படிச் செய்தால் தன் கதை முடிந்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஐந்து வருஷம் அம்மா கஞ்சியைக் குடித்துக்கொண்டு படிக்க வைத்தது இந்த நாற்காலிக்காகத்தானே என்று நினைத்தாள்.

"பின்சுவரு கதைதான் நமக்குத் தெரியும்லா" என்று பூதலிங்கம் ஆரம்பித்தார். "இந்த மழைக்கு நாம..."

"பேசாதீங்க" என்றாள் கலைச்செல்வி, தமிழில்.

குரல் அவளுடையது மாதிரியே இல்லை. பூதலிங்கம் திகைத்து நிமிர்ந்தார்.

"அந்தப் போன் எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டிருக்கு. நீங்க பேசுறதைக் கேட்டுச் சொல்லத்தான் என்னை இங்க உக்கார வச்சிருக்காங்க. உங்க வக்கீல் இல்லாம ஒரு வார்த்தை பேசாதீங்க."

ஸ்ரீஜித் நாற்காலியை மெதுவாகத் திருப்பினார். இந்தத் தமிழ் அவருக்கு நன்றாகவே புரிந்திருந்தது. கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"கலைச்செல்விக்கு இவங்களைத் தெரியுமா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் சுவரோரத்திலிருந்து பதில் வந்தது.

"அறியில்லா சாரே" என்றாள் மாடம்மாள். "இந்தக் கொச்சுப்பிள்ளைய நாங்க கண்டதே இல்ல."

"தெரியாது சார்" என்றார் பூதலிங்கம். "படிக்கிற பிள்ள, ஏதோ இரக்கப்பட்டுச் சொல்லிப்போட்டுது. நீங்க பெருசா எடுக்காதீங்க."

மற்ற இருவரும் தெரியாது, தெரியாது என்று தலையை ஆட்டினார்கள். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர்கள், அவள் பாஸானதற்கு லயம் முழுக்க மிட்டாய் கொடுத்தவர்கள். தங்கள் சுவரும் கூரையும் அந்த நிமிஷம் அவர்களுக்கு மறந்துவிட்டது. பிள்ளையின் வேலை போய்விடக் கூடாது என்பது மட்டுந்தான் நினைவில் நின்றது. மாடம்மாள் மகளைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

ஸ்ரீஜித் கொஞ்ச நேரம் யோசித்தார். தமிழ் வாசிக்கிற ஆள் இவ்வளவு எளிதில் கிடைக்காது என்பதும் அந்த யோசனையில் இருந்திருக்கும்.

"சின்ன வயசு. மனசு இளகும், எனக்கும் இளகியிருக்கு" என்றார். "பிரச்னமில்லா. ஒரு சாரி சொல்லிட்டு ஷைலஜா சேச்சிகிட்டப் போய் இரி. நாளைக்கு வா, பேசலாம்."

கதவு இன்னும் திறந்துதான் இருந்தது. சாரி என்ற ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் இடம் அவளுக்கு. அம்மாவை அந்த அறையில் ஒரு யாரோவாக விட்டுவிட்டுப் போக வேண்டும், அவ்வளவே. கலைச்செல்விக்கு அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. எழுந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டே சுற்றி நடந்து அந்தப் பக்கம் போனாள். காலியாக இருந்த ஒரு நாற்காலியை இழுத்து மாடம்மாளுக்கு முன்னால் போட்டாள்.

"அம்மா, உக்காரு" என்றாள்.

மாடம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். "யாரு உனக்கு அம்மா" என்று, நடக்காது என்று தெரிந்தும், கடைசியாக ஒருமுறை முயன்று பார்த்தாள். "போ. போயி உன் எடத்துல இரி."

கலைச்செல்வி அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். ஸ்ரீஜித்தின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க வக்கீல் வர்ற வரைக்கும் நாங்க எதுவும் பேசுறதா இல்ல சார்."

மாடம்மாள் மேசைக்கு அடியில் மகளின் தொடையை ரத்தம் கட்டுகிற மாதிரி கிள்ளினாள். "கெடுத்துட்டியே பாவி" என்றாள் மூச்சுக்குள். கிள்ளிய கையை எடுக்கவில்லை.